மஞ்சள் தொப்பிக்குக் கண்ணாடி கிடையாது

போன ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வந்துகொண்டிருந்தேன். சூளகிரிக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து, பிறகு நின்றேவிட்டது. மேம்பாலத்தின் இரும்புக் கைப்பிடிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். அதற்காகச் சாலையில் ஒரு பக்கத்தை மறித்திருந்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த எனக்கு முதலில் வந்தது வாசனைதான். துருவும் எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. அதன் பின்னாலேயே சத்தம். தகரக் கூரையின்மேல் யாரோ ஆணிகளைக் கொட்டிக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம். கேட்ட உடனே என் வலது கை தானாக இறுகிக்கொண்டது. கடலை மடியில் சிந்தியது.

எட்டிப் பார்த்தேன். ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துரு எடுத்துக்கொண்டிருந்தார். கையில் நீடில் கன். கண்ணுக்குக் கண்ணாடி இல்லை, காதுக்கு அடைப்பான் இல்லை, கைக்கு உறை இல்லை. அதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் கைப்பிடியோடு விசையையும் சேர்த்துக் கறுப்பாக ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் அறுத்த துண்டு. அதைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அண்ணா, அந்தக் கட்ட அவுத்துடுங்க" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் அவரை அவர் அம்மாவே கூப்பிட்டாலும் கேட்காது.

பக்கத்து சீட்டு அம்மா, "சொந்தக்காரருங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

நீடில் கன் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய டார்ச் லைட்டுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கும். முனையில் ஒரு குழல், அதற்குள் எஃகு ஊசிகள் ஒரு கட்டு. தைக்கிற ஊசி இல்லை. குடைக்கம்பி கனத்துக்கு இருக்கும். பின்பக்கம் கம்ப்ரஸரிலிருந்து ஏர் பைப் வந்து சேரும். விசையை அழுத்தினால் காற்று ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் ஊசிகளை அடிக்கும், ஊசிகள் துருவையும் வெல்டிங் கசடையும் அடித்து உதிர்க்கும். ஒவ்வொரு ஊசியும் தனித்தனியாகப் போய் வருவதால் மேடு பள்ளம் எதுவானாலும் அதன் வடிவத்துக்கு இணங்கிப் போகும். நல்ல கருவி. கருவியின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதைப் பிடித்த கைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதில்தான் என் கோபமெல்லாம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசல்படி ஏறிய முதல் ஆள் நான். ஊர் ஊத்தங்கரைப் பக்கம். அம்மா மாம்பழக் கூழ் கம்பெனிக்கு சீசன் வேலைக்குப் போவார். அந்த மாதங்களில் மாங்காய்ப் பால் பட்டுப்பட்டு அவர் விரல் நுனியெல்லாம் தோலுரிந்திருக்கும். சாப்பாட்டில் உப்புக்காரம் பட்டால் எரியும் என்று ஸ்பூனால் சாப்பிடுவார். ஸ்பூனால் சாப்பிடுகிற அம்மாவைப் பார்த்து அக்கம்பக்கத்தில் துரைசாணி என்று கேலி செய்வார்கள். நானும் சின்ன வயதில் அதைப் பெருமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையால் செய்கிற வேலைக்குக் கைதான் முதலில் பலியாகும் என்பது எனக்குப் புரிய இன்னொரு கையைப் பார்க்க வேண்டியிருந்தது.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்ததும் ஓசூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன். டிப்பர் லாரிகளுக்கும் மண் அள்ளுகிற வண்டிகளுக்கும் அடியில் வருகிற இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி. அந்த முதல் மாதங்களில் நான் செய்த அலட்டலை நினைத்தால் இப்போதும் கன்னம் சூடாகிறது. கழுத்திலிருந்து ஐடி கார்டை ஊர் வரைக்கும் கழற்றமாட்டேன். கார்டு திரும்பிக்கொண்டால் போட்டோ இருக்கிற பக்கத்தைத் திருப்பி வைப்பேன். ஊர் பஸ்ஸில் யாரும் படிக்கவில்லை என்றால் இருமிப் பார்ப்பேன். தலையில் நீலத் தொப்பி வேறு.

தொப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் மனிதர்களுக்கு முகம் கிடையாது, தொப்பிதான். வெள்ளைத் தொப்பி சூப்பர்வைசர். நீலம் ஆபரேட்டரும் மெயின்டனன்ஸும். மஞ்சள் க்ளீனிங். கேன்டீனில் எந்த வரிசை, எந்தக் குழாயில் தண்ணீர், ஷிப்ட் பஸ்ஸில் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் தொப்பி சொல்லிவிடும். ஸ்டோர் ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. ஜன்னல் அத்தனை தாழ்வு, நாம்தான் குனிய வேண்டும். அவருக்குத் தொப்பியின் விளிம்பு மட்டும் தெரிந்தால் போதும். நீலம் என்றால் கையுறை, கண்ணாடி, காதடைப்பான். மஞ்சள் என்றால் பினாயில், துணி, சோப்பு.

சேர்ந்த புதிதில் ஷெட்டின் கோடிக்கு ஏதோ வால்வைப் பார்க்கப் போனேன். அங்கே மஞ்சள் தொப்பி போட்ட பெண்கள் ஆளுக்கொரு நீடில் கன்னைப் பிடித்துக்கொண்டு, வெல்டிங் முடிந்து வந்த சட்டங்களில் கசடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனிச் சட்டை, அதற்கு மேல் முகத்தைச் சுற்றித் துப்பட்டா, கண்ணுக்கு மட்டும் ஒரு கீறல் இடைவெளி. எல்லா கன்னிலும் விசையைச் சைக்கிள் டியூபால் கட்டியிருந்தார்கள். ஏர் பைப் வந்து சேர்கிற இடத்தில் பூட்டுக்கொக்கிக்குப் பதில் கட்டுக்கம்பி.

என்னைக் கூட்டிப்போன சீனியரிடம், இவங்கெல்லாம் ஆபரேட்டர்தானே, ஏன் மஞ்சள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "க்ளீனிங் பண்றாங்க, க்ளீனிங் தொப்பி" என்றார்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முன்பு அந்தக் கசட்டை உளியும் கம்பி பிரஷும் வைத்துத்தான் எடுப்பார்களாம். அதற்கு அப்போது க்ளீனிங் என்று பெயர். பிரஷ் போய் நீடில் கன் வந்தது. பெயர் மட்டும் போகவில்லை. ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் அடிக்கிற இயந்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நீ பெருக்குகிறவள்தான் என்றார்கள். பெருக்குகிறவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் பெருக்குகிறவருக்குக் கண்ணில் எஃகுத்தூள் தெறிக்காது. அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள் பாருங்கள். கண்ணாடி வேண்டாம், உறை வேண்டாம், பயிற்சி வேண்டாம். கருவியையும் பராமரிக்க வேண்டாம்.

ஆமாம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெயின்டனன்ஸ் சுற்றில் அந்த கன்கள் கிடையவே கிடையாது. க்ளீனிங் சாமான் என்பதால் ஷிப்ட் முடிந்ததும் அவற்றை விளக்குமாற்று அறையில் கொண்டுபோய் வைப்பார்கள். பினாயில் வாளிக்கும் ஈர மாப்புக்கும் நடுவில் அவை சாய்ந்து கிடக்கும். நான் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே துருவும் தண்ணீரும் கலந்த செங்குழம்பு. பாதி ஊசி தேய்ந்து குட்டை, சில வளைந்தவை, ஒன்று முறிந்து உள்ளேயே சிக்கியிருந்தது. எண்ணெயைக் கண்டு எவ்வளவு காலமோ. ஊசி மழுங்கினால் கன்னை அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் அதிர்வு அவ்வளவும் கைக்குத்தான் ஏறும். வேலை மெதுவாகிறது என்று சூப்பர்வைசர் காற்றழுத்தத்தைக் கூட்டி வைப்பார். அதுவும் கைக்குத்தான்.

சூப்பர்வைசர் பெயர் குமரவேல். கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் பெர்மிஷன் கொடுப்பார். டியூபைக் கட்டியது அவர்தான். நாள் முழுக்க விசையை அழுத்தி விரல் வலிக்கிறது என்று பெண்கள் சொன்னதற்கு, அவர் கண்ட வைத்தியம் அது. வலித்த விரலுக்கு இடைவேளை கொடுத்திருக்கலாம், ஆள் மாற்றியிருக்கலாம். டியூப்தான் அவர் அறிவுக்கு எட்டியது. கட்டிய கன் கை நழுவினால் நிற்காது, தரையில் வெறி பிடித்த மாதிரி துள்ளும். அப்படி ஒருமுறை துள்ளியதில் ஒருவரின் கணுக்காலில் காயம். அதற்குப் பிறகும் டியூப் போகவில்லை. கன்னை விடாமல் பிடியுங்கள் என்று உத்தரவு வந்தது.

அவரிடம் போய் கண்ணாடியாவது கொடுங்கள் சார் என்று கேட்டேன். என் நீலத் தொப்பிக்கு அவர் கொஞ்சம் மரியாதை கொடுத்து, உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஊசிதானம்மா. பொம்பளைங்களுக்கு ஊசி புடிக்கவா சொல்லித் தரணும்?"

பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். அந்த டீயை நான் குடிக்கவில்லை. பெரிய எதிர்ப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். டீ ஆறியதுதான் மிச்சம்.

ஷிப்ட் பஸ்ஸில் நான் நீலப் பக்கத்தில் உட்காருவதை அன்றோடு நிறுத்தினேன். மஞ்சள் பக்கத்தில் இடம் கொடுத்தவர் பிலோமினா அக்கா. மத்திகிரியிலிருந்து வருகிறவர். அவர் பின்னால் உட்காருகிறவர் ரத்னம்மா. சூளகிரிப் பக்கத்துத் தெலுங்கு வீடு, நாக்கில் மூன்று மொழியும் தாராளம். நான் போய் உட்கார்ந்ததும், "என்னா டிப்ளமா, வழி தவறி வந்துட்டியா?" என்றார். அக்கா திரும்பி, "சும்னிரு ரத்னா" என்று கன்னடத்தில் அடக்கினார். டிரைவர் கன்னடப் பாட்டு போடுவார். ஓசூரின் மார்கழிக் குளிரில் ஜன்னல் சரியாக மூடாத அந்த பஸ்ஸில் எல்லோரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவோம்.

பிலோமினா அக்கா மட்டும் கையைப் பைக்குள் வைத்திருப்பார். உள்ளே செபமாலை. பஸ் கிளம்பியதும் கண்ணை மூடிக்கொள்வார், உதடு மெல்ல அசையும், பைக்குள் விரல் ஒவ்வொரு மணியாக நகரும். செபமாலை சொல்கிறவர்களை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும்: யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் மனம் எண்ணிக்கையில் போய்விடும். விரல்தான் கணக்கு. பத்துச் சின்ன மணி முடிந்து பெரிய மணி வந்தால் விரலுக்குத் தெரியும், வாய் அடுத்த செபத்துக்குப் போகும். கம்பெனி கேட்டுக்கு முன்னால் பஸ் திரும்பும்போது மாலை முடிந்து சிலுவை கைக்கு வந்துவிட வேண்டும். அதுதான் அவர் வழக்கம். ரத்னம்மா கேலி செய்வார், உங்க சாமி கேட் வரைக்கும்தானே வரும், உள்ள வந்தா அதுக்கும் மஞ்சத் தொப்பி மாட்டிடுவாங்க என்று. அக்கா கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், பஸ் கேட்டில் திரும்பியபோது அக்கா இன்னும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். முகம் குழம்பியிருந்தது. பையிலிருந்து கையை எடுத்தார். நடு இரண்டு விரலும் கணுவிலிருந்து நுனி வரை ரத்தமே இல்லாமல், சுண்ணாம்பு பூசினது போல வெளுத்திருந்தன.

"மணி எங்க இருக்குதுன்னே தெரியல பாப்பா" என்றார். "பெரிய மணி வந்துச்சா, வரலையா? எத்தினி தடவ அதையே சொன்னன்னு தெரியல."

ரத்னம்மா முதலில் வழக்கம்போல ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்டீங்களா என்றார். பிறகு அந்த விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். டீ வேளையில் வெந்நீர் டம்ளரைப் பிடித்த பிறகுதான் ரத்தம் திரும்பியது, எரிச்சலோடு. அப்போது அக்கா கண்ணில் தண்ணீர். தன் கையையும் நீட்டிக் காட்டினார் ரத்னம்மா. அவர் விரல் நுனியிலும் அதே வெளுப்பு ஆரம்பித்திருந்தது. யாரும் யாரிடமும் சொல்லாமல் எல்லோரும் அதைக் குளிர் என்று வைத்திருந்தார்கள்.

அது குளிர் இல்லை. அதிர்வு. நாள் கணக்கில் அதிர்வு ஏறிய விரலில் ரத்தக்குழாய் சுருங்கிவிடும், நரம்பு மரத்துவிடும், குளிர் அதை வெளியே காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் தப்பலாம். முற்றினால் போன உணர்வு திரும்பாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த கோபத்தில், மறுநாள் விளக்குமாற்று அறையிலிருந்த எல்லா கன்னையும் யாரிடமும் கேட்காமல் மெயின்டனன்ஸ் மேசைக்குத் தூக்கி வந்தேன்.

அந்த மதியங்களை இப்போது நினைத்தாலும் எனக்குப் பிடிக்கும். சாப்பிட்ட பிறகு பெண்கள் சுற்றி நிற்பார்கள், நான் பிரிப்பேன், பிறகு அவர்களும் பிரிப்பார்கள். முதலில் காற்றை மூடு, பைப்பைக் கழற்று, கழற்றிய பிறகும் ஒருமுறை விசையை அழுத்தி உள்ளே மிச்சமிருக்கிற காற்றை வெளியேற்று. அதற்குப் பிறகுதான் முன்மூடியில் கை வை. ஊசிகளை உருவி மண்ணெண்ணெயில் கழுவு. தேய்ந்தது ஒன்றோ இரண்டோ என்றாலும் முழுக் கட்டையும் மாற்று. குட்டையும் நெட்டையும் கலந்தால் அடி சமமாக விழாது. காற்று நுழைகிற வாயில் காற்றுக்கருவிக்கான எண்ணெய் சில சொட்டு, தினமும். கம்ப்ரஸர் வடிகட்டியில் சேர்ந்த தண்ணீரைத் திறந்து விடு. வெறும் காற்றில் ஓட்டாதே. இரும்பின்மேல் வைத்த பிறகே விசை. இறுக்கிப் பிடிக்காதே, கன்னின் எடையே அழுத்தட்டும். ரத்னம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, எங்க வீட்டுக்காரனையும் இப்படித்தான் வெச்சிருக்கணும், தினமும் எண்ண போட்டு, காத்தப் புடுங்கிட்டு என்றார். ஷெட்டே அதிரச் சிரித்தார்கள்.

டியூபையும் அறுத்துவிட்டேன். அன்றே குமரவேல் சார் புது டியூப் கொண்டுவந்து கட்டினார். மறுபடி அறுத்தேன். மறுபடி கட்டினார். ஊசி மாற்ற ஸ்டோரில் கேட்டால், மஞ்சள் தொப்பிச் சாமானுக்கு ஸ்பேர் கிடையாது. கண்ணாடி கேட்டால், மஞ்சள் தொப்பிக்குக் கண்ணாடி கிடையாது. இப்படியே போயிருக்கும், அந்த ஆடிட் வராமல் இருந்திருந்தால்.

சட்டம் வாங்குகிற பெரிய கம்பெனியிலிருந்து ஷெட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று ஒருநாள் காலையிலேயே பரபரப்பு. தரையில் புது மஞ்சள் கோடு. தொட்டியில் பூச்செடி. அக்காவையும் மற்றவர்களையும் வரிசையாக நிற்க வைத்து, தலையிலிருந்த மஞ்சள் தொப்பியை வாங்கிக்கொண்டு நீலத் தொப்பி கொடுத்தார்கள். கண்ணாடி, உறை, காதடைப்பான் எல்லாம் கொடுத்தார்கள். வந்தவர் கேட்டால் ஆபரேட்டர் என்று சொல்லச் சொன்னார்கள். வந்தவர் கேட்டார், எல்லோரும் சொன்னார்கள். சாயங்காலம் பஸ் ஏறுகிற இடத்தில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வைத்து, கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான் அங்கே நின்று பார்த்தேன். கண்ணாடி ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. கம்பெனிக்குத் தெரியாமல் நடந்தது எதுவுமே இல்லை என்று அன்று தெரிந்தது. கண்ணாடி வேண்டும் என்பது தெரியும். இந்த வேலைக்கு ஆபரேட்டர் என்று பெயர் என்பதும் தெரியும். தெரிந்து, ஒருநாள் மட்டும் வாடகைக்கு விட்டார்கள்.

பிலோமினா அக்கா அந்தப் பெட்டியில் கண்ணாடியைப் போட்டார், உறையைப் போட்டார். தொப்பியைப் போடவில்லை. அது சாப்பாட்டுக் கூடையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது.

மறுநாள் காலை அவர் அந்த நீலத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டோர் ஜன்னலில் போய் நின்றார். கண்ணாடி, உறை, காதடைப்பான் என்றார். உள்ளே இருந்தவர் விளிம்பைப் பார்த்தார், நீலம், எடுத்துக் கொடுத்தார். அக்கா வந்து தொப்பியைக் கழற்றி ரத்னம்மா தலையில் வைத்தார். ரத்னம்மா போனார், வாங்கினார், வந்தார். தொப்பி அடுத்த தலைக்குப் போனது. ஒரே தொப்பி, எல்லாப் பெண்களும் வரிசையாக அதில் போய் வாங்கி வந்தார்கள். கடைசியாகப் போனவர் ஊசிக்கட்டும் கேட்டு வாங்கிவிட்டார். ஸ்டோர்காரர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மெயின்டனன்ஸ் மேசைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

குமரவேல் சார் ஷெட்டுக்கு வந்தபோது எல்லோர் கண்ணிலும் கண்ணாடி. ஒரு நிமிடம் ஆடிட் இன்னும் முடியவில்லை என்றே நினைத்திருப்பார். பிறகு நீலத் தொப்பியைப் பார்த்தார். அது திரும்பவும் அக்கா தலைக்கு வந்திருந்தது.

"யார் தொப்பி இது?"

"கன் ஓட்டுறவங்க தொப்பி சார்."

"நீ க்ளீனிங். கழட்டு."

அக்கா காற்றை மூடினார். பைப்பைக் கழற்றினார். மிச்சக் காற்றை விட்டார். எல்லாம் நாங்கள் பழகிய வரிசையில், பதறாமல். பிறகு கன்னை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் நீட்டினார்.

"க்ளீனிங்னா இத நீங்களே வெச்சுக்கங்க சார். வெளக்குமாறு குடுங்க. நாங்க வெளக்குமாத்தாலயே கசடு எடுக்கிறம்."

பின்னால் ஒவ்வொரு கன்னாக நின்றது. அந்த ஷெட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வெளியே லாரி சட்டம் ஏற்றக் காத்திருந்தது. குமரவேல் சார் லாரியைப் பார்த்தார், கன்னைப் பார்த்தார், என்னையும் ஒரு முறை முறைத்தார். சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது: கண்ணாடியும் உறையும் காதடைப்பானும் அவர்களுக்கு உண்டு. டியூப் கிடையாது. ஆள் மாற்றி மாற்றி ஓட்டலாம், நடுவில் கையைச் சூடுபடுத்த இடைவேளை. கன்கள் மெயின்டனன்ஸ் சுற்றில் சேரும். தொப்பி மட்டும் மஞ்சளாகவே இருக்கட்டும் என்றார்கள்.

நாங்களும் சரி என்றோம். தொப்பியில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அந்த வாரம் ஷிப்ட் பஸ்ஸில் ரத்னம்மா டிரைவரை விரட்டிப் பாட்டுச் சத்தத்தைக் கூட்ட வைத்தார்.

தொப்பியில்தான் எல்லாம் இருந்தது. ரத்னம்மாவின் விரலும் மற்றவர்கள் விரலும் மெல்லத் தேறின. அக்காவின் விரல் தேறவில்லை. அவர்தான் எல்லோரையும்விட அதிக வருடம் கன் பிடித்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கம்பெனியிலிருந்து ஒருவர் துணைக்கு வந்தார். நானும் லீவு போட்டுப் போனேன். என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் கம்பெனி ஆள், "க்ளீனிங் சார்" என்றார். டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சோப்புத் தண்ணீரில் அதிகம் புழங்க வேண்டாம், ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்றார்.

நான் குறுக்கே புகுந்து, நீடில் கன் என்றேன். டாக்டர், "நீடில்னா தையல் வேலையா?" என்று கேட்டார். மறுபடியும் அந்த ஊசி. எழுந்து நின்று, இல்லாத கன்னைப் பிடித்து, தோள் வரைக்கும் கை உதற நடித்துக் காட்டினேன். டிப்ளமா படித்தவள் ஆஸ்பத்திரியில் பேய் ஆடியது போல ஆடியதைப் பார்த்து வெளியே வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனிதர், முகம் மாறிவிட்டது. இனி அதிர்வு வேலை கூடவே கூடாது, இது வேலையால் வந்தது என்றார். கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் க்ளீனிங் பிரிவில் அதிர்கிற இயந்திரமே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மஞ்சள் தொப்பியைக் காட்டியே சொன்னார்கள். நானும் பேசினேன், ரத்னம்மா மூன்று மொழியிலும் பேசினார். நஷ்டஈடு இல்லை, வேறு வேலை இல்லை. அக்கா வீட்டுக்குப் போனார். ட்ரெய்னி காலம் முடிந்ததும் என்னையும் நீட்டிக்கவில்லை. நான் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன்.

இப்போது அந்த ஷெட்டில் நீடில் கன் இல்லை. மஞ்சள் தொப்பிகளும் இல்லை. அவர்கள் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். எஃகுக் குண்டுகளைத் தெளித்துக் கசடெடுக்கிற பெரிய கூண்டு வந்திருக்கிறது. நீலத் தொப்பி போட்ட ஆண்கள் அதை ஓட்டுகிறார்கள். கசடு அதே கசடுதான். ஆனால் வேலைக்கு இப்போது க்ளீனிங் என்று பெயர் இல்லை. சர்ஃபேஸ் பிரிபரேஷன். வாசலில் பெரிய பலகையே மாட்டியிருக்கிறார்களாம். பெண்கள் கையை விட்டுப் போனதும் அந்த வேலைக்கு எவ்வளவு அழகான பெயர் கிடைத்துவிட்டது பாருங்கள்.

பஸ் ஒருவழியாக நகர்ந்தது. அன்று நான் கிளம்பியதே மத்திகிரிக்கு, அக்கா வீட்டுக்கு. பாலத்துக்காரரைப் பற்றிச் சொன்னேன். என் கோபத்தையெல்லாம் கொட்டி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டியூபு போட்டா கட்டியிருந்தாரு?"

"ஆமாக்கா."

"வெரல் ரொம்ப வலிச்சிருக்கும்" என்றார்.

சாயங்காலம் செபமாலைக்கு உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இது படிக்கிற கண்ணாடி, சொந்தக் காசில் வாங்கியது. மாலையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு மணியாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தினார். ஒவ்வொரு செபம் முடிந்ததும், விரலுக்குள் மணி இருக்கிறதா என்று ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார். மாலை முடிந்து சிலுவை கைக்கு வரும் வரை அவர் கண்ணை மூடவே இல்லை.